நண்பகல் ஒன்றேகால் மணி

பினாங்கில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. சுமாராக ஒன்றேகாலுக்கு வருகிறது. பிப்ரவரி மாதத்தில் ஒன்றரையையும் தாண்டிவிடும். தமிழ்ப்பள்ளியில் பூகோளம் நடத்திப் பிழைத்தவன் நான். ஆனாலும் உறுதியாகத் தெரியும் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய சங்கதிகள் என்னிடம் அதிகம் இல்லை. இந்த ஒன்றேகால் மணி அவற்றில் ஒன்று. அதையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள். நான் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தபோது கற்றுக்கொடுத்தார்கள்.

பூகோளம் நடத்தினேன் என்பதே கொஞ்சம் மிகைதான். நான் வேலைக்கு வந்தபோது தொடக்கப்பள்ளி அட்டவணையில் அந்தப் பெயரில் ஒரு பாடம் இல்லை. எண்பதுகளில் 'ஆலாம் டான் மனுசியா' என்று ஒன்று இருந்தது. அறிவியல், வரலாறு, பூகோளம், குடிமையியல் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடியிருந்தார்கள். தொண்ணூறுகளில் அறிவியல் தனிக்குடித்தனம் போனது. மிச்சம் 'காஜியான் தெம்பாத்தான்' ஆனது. 2014இல் நான்காம் ஆண்டுக்கு வரலாறு வந்து அந்த நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பாடங்களுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு: 2021இல் ஒழிக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் இவை வந்ததில்லை. தேர்வில் வரும் பாடங்களைக் கெட்டிக்கார ஆசிரியர்களுக்குப் பங்கு போட்ட பிறகு மிஞ்சும் பாடம், மிஞ்சும் ஆசிரியருக்கு வரும். அப்படித்தான் என்னிடம் வந்தது.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கு வைத்து, 2016இல் மலேசியத் தமிழ்க்கல்விக்கு இருநூறு ஆண்டு கொண்டாடினோம். மேடையில் பேசியவர்கள் அந்த மரபைத் தோளில் சுமந்த ஆசிரியர்களைப் புகழப் புகழ, நான் கடைசி வரிசை நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவினேன். நான் சுமந்ததாக நினைவிலிருப்பது ஒரு துடைப்பக் கழியைத்தான்.

அந்தக் கழியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நிழல் பாடம். தரையில் குச்சி நட்டு, மணிக்கு மணி நிழலை அளந்தால் காலையில் நீளமாக இருக்கும், நண்பகலில் மிகக் குறுகும், பிறகு மறுபடி நீளும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பழைய பூகோளப் புத்தகத்தில் படித்தது. மிகக் குறுகும் நிழல் வடக்கு நோக்கி விழும் என்றும், அதை வைத்தே திசை காணலாம் என்றும் படித்ததாக ஞாபகம். எளிய பாடம், செலவில்லாத பாடம், திடலில் நடத்தினால் தலைமையாசிரியர் கண்ணிலும் படும். துடைப்பத்தின் கழியைக் கழற்றி, ஒரு மீட்டருக்கு அறுத்து, ஜூலை மாத வெயிலில் திடல் நடுவே நட்டேன். பன்னிரண்டு அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே பிள்ளைகளை வட்டமாக நிறுத்திவைத்து, "பாருங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல நிழல் ஏறக்குறைய காணாமப் போயிடும்" என்று வாக்குக் கொடுத்தேன்.

பன்னிரண்டு அடித்தது. நிழல் அரை மீட்டர் நீளத்துக்குச் சாவகாசமாகப் படுத்திருந்தது.

"நல்லா அளந்து பாரு" என்றேன் அளவுகோல் வைத்திருந்த பையனிடம். அளந்தான். அதே அரை மீட்டர். கழி சாய்ந்திருக்கிறது என்று நிமிர்த்தினேன். நிழல் மாறவில்லை. பன்னிரண்டே காலுக்கு ஒரு சிறுமி, "சார், இப்ப இன்னும் கட்டையாயிடுச்சு" என்றாள். நண்பகல் முடிந்துவிட்டது, இனிமேல் நீளத்தான் வேண்டும், நீ தப்பாகப் பார்க்கிறாய் என்றேன். பன்னிரண்டரைக்கு இன்னும் குறைந்தது. முக்காலுக்கு இன்னும். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். நிழல் சாருக்கு அடங்கவில்லை என்பதை அதற்குள் புரிந்துகொண்டார்கள். ஒரு மணிக்குப் பள்ளி முடிந்து மணி அடித்தபோதும் அது குறைந்துகொண்டே இருந்தது. வேன்காரர் வாசலில் ஹார்ன் அடித்தார். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைய பாடக்குறிப்பில், சிந்தனை மீட்சி என்ற பகுதியில், 'பெரும்பாலான மாணவர்கள் நோக்கத்தை அடைந்தனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காரணம் புரிய எனக்குப் பல நாள் ஆயிற்று, அதுவும் ஒரு உலகப்படத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு. ஜார்ஜ்டவுன் ஏறக்குறைய 100 பாகை கிழக்கில் இருக்கிறது. நம் கடிகாரமோ 120 பாகைக் கோட்டுக்கு ஓடுகிறது. அந்தக் கோடு மலேசியாவைத் தொடுவதே இல்லை. சபாவையும் தாண்டி பிலிப்பைன்ஸ் பக்கமாகப் போகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பார்த்தால், நம் தலைக்கு மேல் சூரியன் வருவதற்குள் கடிகாரம் ஒன்றேகாலைக் கடந்துவிடும். முன்பு இவ்வளவு மோசமில்லை. சபா, சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணி, அடுத்த நொடியில் நள்ளிரவு ஆனது. அந்த இரவில் நானும் விழித்திருந்து என் கைக்கடிகாரத்தைத் திருப்பிவைத்தவன்தான். சூரியனுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உண்மையான நண்பகல் வரும்போது பினாங்கின் தொடக்கப்பள்ளிப் பிள்ளை வேனில் உட்கார்ந்திருக்கும். காலையிலும் இதே கதை. சபைகூடலில் நின்று 'நெகாராகூ' பாடும்போது சூரியன் சில மாதங்களில் இன்னும் எழுந்தே இருக்காது. 'காலையில் உதிக்கும் சூரியனைப் பார்த்து நின்றால் இடது கை வடக்கு' என்று பாடநூல் சொல்கிறது. பார்த்து நிற்கப் பிள்ளைகள் தயார். சூரியன்தான் வருகைப் பதிவேட்டில் இல்லை.

நேரம் பிடிபட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மறுபடி கழியை நட்டேன். சாயங்காலப் புறப்பாட நடவடிக்கைக்குத் தங்கியிருந்த பிள்ளைகளைப் பிடித்து ஒன்றேகால் மணிக்குத் திடலுக்கு இழுத்துப் போனேன். நிழல் முப்பது சென்டிமீட்டருக்குக் குறுகி நின்றது. வெற்றி. "இந்த நிழல் காட்டுற பக்கம்தான் வடக்கு" என்று அறிவித்தேன். அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் இருந்தது. பாயான் லெப்பாஸ் தீவின் தெற்கில் இருக்கிறது என்பது விமானம் பார்க்கப் போயிருந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்தரைப் பாகைதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் நம் தலைக்கு நேர்மேலே வரும் சூரியன், வடக்கே போய்விட்டு, செப்டம்பர் முற்பகுதியில்தான் திரும்பி வருகிறது. நடுவில் உள்ள ஐந்து மாதமும் நம் நண்பகல் நிழல் தெற்கே விழும். வருடத்தில் மீதி ஏழு மாதம்தான் அந்தப் பழைய புத்தகம் பினாங்குக்குச் செல்லுபடியாகும்.

அடுத்து காம்பஸ் வாங்கினேன். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வகுப்பில் மேசை மேசையாக வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு மேசையிலும் வடக்கு ஒவ்வொரு பக்கம் இருந்தது. இரும்புக் கால் மேசைகள். ஒரு பையன் அதை எஃகு அலமாரிப் பக்கம் கொண்டுபோய், "சார், வடக்கு அலமாரிக்குள்ள இருக்கு" என்றான். வகுப்புக்கு அன்று நல்ல பொழுது போயிற்று.

திசைதான் வரவில்லை, கரும்பலகைப் படமாவது வருமே என்று ஒரு காலத்தில் இறுமாப்பு இருந்தது. பினாங்குத் தீவை ஒரே கோட்டில், சாக்கட்டியை எடுக்காமல், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, பேச்சையும் விடாமல் வரைந்துவிடுவேன். ஆயர் ஈத்தாம், கொடிமலை, தண்ணீர்மலை, பாலிக் பூலாவ் எல்லாவற்றுக்கும் புள்ளி வைப்பேன். கீழே 'பினாங்கு மாநிலம்' என்று அழகாக எழுதுவேன். ஒரு வருடம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மாற்றலாகி வந்த பையன் ஒருவன் பலகையையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சார், நான் இதுக்கு முந்தி எந்த மாநிலத்துல இருந்தேன்?" என்று கேட்டான்.

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் 'கெடா' என்றது. நான் பல்லைக் கடித்தேன். என் பிள்ளைகள் என்னிடம் கற்றதைத்தான் சொன்னார்கள். எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜாம் இருக்கும் செபராங் பிறை முழுவதையும் நான் வருடக்கணக்காக மாநிலத்திலிருந்து கழற்றிவிட்டிருக்கிறேன். பரப்பளவில் அது தீவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 2020 கணக்கெடுப்பில் தீவைவிட அங்கேதான் ஆள் அதிகம். பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் இறங்கினார். 1800இல் எதிர்க்கரையையும் கெடா சுல்தானிடமிருந்து பெற்றுச் சேர்த்துவிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பதினான்கு ஆண்டில் நடந்தது எனக்கு இருநூறு ஆண்டிலும் நடக்கவில்லை. நியாயம் பேசினால், இது என் தனிப்பட்ட நோயல்ல. ஜார்ஜ்டவுன்காரர்களுக்குப் பட்டர்வொர்த் என்பது 'அந்தப் பக்கம்'. கல்யாணத்துக்குப் போவோம், சாவுக்குப் போவோம், ரயில் பிடிக்கப் போவோம். மாநிலத்தின் பெரிய பாதி என்று நினைத்துப் போனதில்லை.

என் கோடு தீவுக்கும் துரோகம் செய்தது. தஞ்சோங் தோக்கோங் பக்கமும் கர்னி டிரைவ் பக்கமும் கடலில் மண்ணைக் கொட்டி நிலமாக்கிக்கொண்டே போனார்கள். நான் பழைய கரையையே வரைந்துகொண்டிருந்தேன். புது அடுக்குமாடிக்குக் குடிபோன சிறுமி ஒருத்தி தன் வீட்டுக்குப் புள்ளி வைத்தால், அது கடலில் போய் விழுந்தது.

செபராங் பிறையைச் சேர்த்த உற்சாகத்தில் மறுநாள் மலேசியாவையே வரைந்தேன். பலகை போதவில்லை. தென்சீனக் கடலைக் கொஞ்சம் நெருக்கி, சரவாக்கை ஜொகூருக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் ஒட்டவைத்தேன். உண்மையில் குறுகிய இடத்திலேயே நடுவில் சுமார் 600 கிலோமீட்டர் கடல். "சார், அங்க ஃபெரியில போகலாமா?" என்று ஒரு கேள்வி வந்தது. பலகையில் நான் போட்ட அளவுக்கு அது நியாயமான கேள்வி. நான் வாய் திறப்பதற்குள் இன்னொருவன் பதில் சொல்லிவிட்டான்: "போறதுக்குக் காசு வேணாம். திரும்பி வரும்போதுதான் குடுக்கணும்."

பினாங்கு ஃபெரியில் அப்போதிருந்த விதி அது. பட்டர்வொர்த்தில் ஏறும்போது மட்டும்தான் கட்டணம் வாங்கினார்கள். தீவிலிருந்து போவது இலவசமாக இருந்தது. அந்தப் பையனின் கணக்குப்படி, சரவாக்குக்கு யாரும் சும்மா போகலாம், சிக்கல் திரும்பி வருவதில்தான். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் பாடநேரமும் முடிந்தது. கடலை அகலமாக்கி மறுபடி வரைய எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வகுப்பில் படித்து வளர்ந்தவர்கள் சிலர் இன்றைக்கும் மனத்துக்குள் கூச்சிங்கைக் கோத்தா திங்கிக்கு எதிர்க்கரையில் வைத்திருக்கக்கூடும்.

இப்போது நாகப்பட்டினம் விவகாரம். மாதச் சோதனையில், 'பினாங்கின் அண்டை மாநிலங்கள் இரண்டைக் குறிப்பிடுக' என்று கேட்டிருந்தேன். கெடா, பேராக். ஒருவன் 'கெடா, நாகப்பட்டினம்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஆச்சரியக்குறியும் போட்டேன். அந்த ஆச்சரியக்குறி தேவையில்லாதது. ஆசிரியர் அறையில் நாலு பேரிடம் காட்டிச் சிரித்ததும் தேவையில்லாதது.

மறுநாள் காலை ஓய்வு நேரத்தில் பையனின் பாட்டி வாசலில் நின்றார். வெள்ளைச் சேலை, கையில் சோதனைத்தாள்.

"வாத்தியாரே, என் பேரன் என்ன தப்பா எழுதிட்டான்?"

"நாகப்பட்டினம் இந்தியாவுல இருக்குதும்மா. அண்டை மாநிலம்னா பக்கத்துல இருக்கணும்."

"பக்கத்துலதான இருந்துச்சு? நாகப்பட்டணத்துல ரஜூலா கப்பல்ல ஏறினோம். அப்புறம் எறங்கினது பினாங்குதான். நடுவுல ஒரு ஊரு கெடையாது."

"அது கடல்வழிம்மா. ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல."

"இருக்கட்டுமே. நீங்க கெடா கெடாங்கிறீங்களே, அங்க நான் இந்த வயசு வரைக்கும் போனதில்ல."

பாட்டி சொன்னதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. 1926இல் கட்டிய ரஜூலா 1973 வரை ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பிறகு நேராகப் பினாங்கு, அப்புறம் கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் எண்பதுகளின் நடுப்பகுதி வரை அந்தத் தடத்தில் இருந்தது. இந்த ஊர்த் தமிழர் குடும்பங்களில் கணிசமானவை இறங்கிய துறை நம் சுவெட்டன்ஹாம் பியர் பக்கம்தான். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவே இருக்கிறது. எங்கள் பள்ளி வேன்கள் அதைத் தாண்டித்தான் போகும். அந்தப் பையனின் தலைக்குள் நாகப்பட்டினம் அண்டைவீடாக இருந்ததற்கு ஒன்றுக்கு மூன்று காரணம் இருந்தது. கெடா எங்கள் மாநிலத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும், அதை எண்ணிப்பார்க்க அவனுக்கு ஒரு காரணமும் யாரும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவன் நான்.

பதில் தப்புதான், இன்றைக்கும் தப்புதான். புள்ளி போட்டிருக்க முடியாது. ஆனால் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து வந்த ஒருவர், கப்பலில் எத்தனை நாள், எந்தப் பக்கம் சூரியன், தண்ணீர் எப்போது நிறம் மாறியது என்றெல்லாம் சொல்லக்கூடியவர், என் வகுப்புக்கு இருபது அடி தூரத்தில் நின்றார். நான் செய்தது என்ன? ஓய்வு நேரம் முடியப்போகிறதே, சிற்றுண்டிச்சாலையில் மீ கோரிங் தீர்ந்துவிடுமே என்று கடிகாரத்தைப் பார்த்தேன். "பாடநூல்ல இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். பாட்டி போகும்போது சொன்னது காதில் விழுந்தது: "அப்ப அந்தப் பொஸ்தகம் எழுதினவங்க கப்பல்ல வரல போல."

மீ கோரிங்கும் தீர்ந்திருந்தது.

கொடிமலைச் சுற்றுலாவைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். என் வீட்டுக்காரி, "அதைக் கட்டாயம் எழுதுங்க" என்கிறாள். உயரம் கூடக் கூட வெப்பம் குறையும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை என்பது பொதுக் கணக்கு. கொடிமலையின் உச்சி 833 மீட்டர், ஆகவே கீழே 32 என்றால் மேலே 27க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும் என்று பள்ளி அறிவியல் அறையிலிருந்து கண்ணாடி வெப்பமானி ஒன்றைக் கடன் வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று பின்பையில் வைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தேன். அத்தோடு அந்தக் கருவியின் சேவைக்காலம் முடிந்தது.

விடக்கூடாது என்று முதலுதவிப் பெட்டியிலிருந்த காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை எடுத்துக்கொண்டேன். அப்போது பழைய ரயில். நடு நிலையத்தில் இறங்கி வண்டி மாறி, அரை மணி நேரம் ஊர்ந்து ஏறுவோம். 2011இல் வந்த புது வண்டி சில நிமிடத்தில் கொண்டுபோய்விடுகிறது. அந்த அரை மணியும் நான் வெப்பநிலை பற்றி உரையாற்றினேன். ஆயர் ஈத்தாமில், அடிவாரத்தில், வெப்பமானி 35. நடு நிலையத்தில் 35. உச்சியில், காற்று சில்லென்று அடித்துப் பெண்பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதும் 35. அந்த வகை வெப்பமானியில் 35க்குக் கீழே கோடே கிடையாது. "மலைக்குக் காய்ச்சல் இல்லை சார்" என்றான் ஒருவன். மேலே முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சுமத்ரா பாடம் அப்படியல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதையெல்லாம் சொன்னது வெறும் வேஷம் ஆகிவிடும்.

பருவக்காற்றுப் பாடத்தில் நான் ஆண்டுதோறும் ஒரு வரி எழுதிப்போடுவேன். வடகிழக்குப் பருவக்காற்றில் கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கம் கடல் கொந்தளிக்கும், வெள்ளம் வரும். மேற்குக் கரையில் இருக்கும் நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றில் சுமத்ரா தீவு மதிலாக நிற்பதால் பெரிய அலைகள் வராது. பருவக்காற்றைப் பொறுத்தவரை அது சரிதான். மலாக்கா நீரிணை அமைதியாக இருப்பதற்குச் சுமத்ரா ஒரு காரணம். ஆனால் நான் 'பருவக்காற்று' என்ற சொல்லை விட்டுவிட்டேன். 'சுமத்ரா மதிலாக இருப்பதால் பினாங்குக்குப் பெரிய அலைகள் வராது' என்று முழுநிறுத்தம் வைத்து எழுதிப்போட்டேன். பிள்ளைகளும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். சுருக்கமாக இருந்தால் மனப்பாடம் செய்ய எளிது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை. காலை ஒன்பது மணிவாக்கில் ஆச்சேவுக்கு அப்பால் கடலடியில் பூமி பிளந்தது. அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி வளைந்து, ஆழமில்லாத நீரிணைக்குள் வேகம் குறைந்து ஊர்ந்து, மதியத்துக்குப் பிறகு பினாங்குக்கு வந்தது. நடுவில் நாலு மணி நேரம் இருந்தது. எச்சரிக்க யாரும் இல்லை. பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், பாசிர் பாஞ்சாங் என்று விடுமுறைக் கூட்டம் நிறைந்த கடற்கரைகள். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தார்கள்.

அதே நாள், இங்கிருந்து வடமேற்கே 350 கிலோமீட்டருக்கு மேல், புக்கெட்டின் மாய் காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி குடும்பத்தோடு நடந்துகொண்டிருந்தாள். கடல் நுரைத்துக் கொதிப்பதைப் பார்த்து, இது சுனாமியின் அறிகுறி என்று கத்தினாள். இரண்டு வாரத்துக்கு முன்தான் பள்ளியில், பூகோள வகுப்பில், அவளுடைய ஆசிரியர் ஆண்ட்ரூ கர்னி அதை நடத்தியிருந்தார். கரையில் இருந்த ஏறக்குறைய நூறு பேரை அப்புறப்படுத்தினார்கள். அந்தக் கடற்கரையில் யாரும் சாகவில்லை. பத்திரிகையில் இதைப் படித்துவிட்டு நான் அதை மடித்து மேசை அறைக்குள் வைத்தேன். அவரும் பூகோள ஆசிரியர், நானும் அதேதான். அவர் சொல்லிக்கொடுத்த கடல் அவர் ஊரிலிருந்து ஏறக்குறைய பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. என் கடல் பள்ளியிலிருந்து நடக்கும் தூரம்.

ஜனவரியில் பள்ளி திறந்தது. ஐந்தாம் ஆண்டுக்குப் போயிருந்த பிள்ளைகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு சிறுமி பழைய நோட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். குற்றம் சாட்டும் முகம் இல்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்க வந்திருந்தாள். "சார், இதை அழிச்சிடவா?" சுமத்ரா வரி. அழகான கையெழுத்து. பக்கத்தில் என் சிவப்பு மையில் ஒரு சரி, கீழே 'நன்று'.

அழிக்கச் சொன்னேன். அழித்தாள். பென்சில் எழுத்து போய்விட்டது, 'நன்று' அப்படியே நின்றது.

அந்தத் தவணை பாடத்திட்டத்தை மூடிவைத்துவிட்டு மூன்று வகுப்புகளுக்கும் சுனாமி நடத்தினேன். அலை சுமத்ராவின் மூக்கைச் சுற்றி எப்படி வளையும் என்று வரைந்தேன். இந்த முறை தீவையும் செபராங் பிறையையும் சேர்த்தே வரைந்தேன். கடல் திடீரென்று உள்வாங்கினால் என்ன அர்த்தம், எந்தப் பக்கம் ஓடவேண்டும், நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது, மீனும் சிப்பியும் பொறுக்கப் போகக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். இவ்வளவு ஒழுங்காக நான் எந்தப் பாடத்தையும் நடத்தியதில்லை. தவணைச் சோதனையில் கேள்வியும் வைத்தேன்: 'கடல் திடீரென உள்வாங்கினால் நீ என்ன செய்வாய்?' ஐந்து புள்ளி.

எல்லாரும் 'உயரமான இடத்துக்கு ஓடுவேன்' என்று எழுதியிருந்தார்கள். ஃபெரிக் கணக்குச் சொன்ன அந்தப் பையனின் தம்பியும் அந்த வகுப்பில் இருந்தான். அவன் எழுதியது: 'முதலில் பெரிய மீனாக இரண்டு எடுப்பேன். பிறகு கொடிமலைப் பக்கம் ஓடுவேன்.'

ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டரைப் புள்ளி போட்டேன். விடைத்தாள்களைச் சரிபார்த்த தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இது எதுக்கு சார், ஓடினதுக்கா, மீனுக்கா?" என்று கேட்டார். திசையைச் சரியாகச் சொல்லியிருக்கிறான் சார், அதுக்கு என்றேன்.